வில்லுவின் பழக்கம்

அக்காவின் டீக்கடையில் அடுப்புக்கு மேலே ஒரு மரத்தட்டு உண்டு. அதில் டீத்தூளும் சர்க்கரையும் இருக்கும் என்று நினைத்தால் நீங்கள் அந்த ரோட்டுக்குப் புதுசு. வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள்தான் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு பிளாஸ்திரி, அதில் பேனாவால் எழுதின பட்டப்பெயர். மொட்டை, குட்டியானை, மாப்பிள்ளை, வில்லு. எல்லாம் லாரி டிரைவர்கள். பாட்டிலில் இருப்பது கஞ்சா எண்ணெய். முகத்தைச் சுளிக்காதீர்கள். டாக்டர் சீட்டு எழுதி மருந்துக்கடையில் வாங்கினது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிற்கிற எல்லைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் அது மருந்து. தீராத வலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் சொட்டு விட்டுக்கொள்ளலாம் என்று சட்டமே போட்டாயிற்று. கேட்டுக்கு அந்தப் பக்கம் அதே பாட்டில் குற்றம்.

அதனால் டிரைவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சரக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போது பாட்டிலை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவது, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வது. யாருடையதையும் அவள் மாற்றிக் கொடுத்ததில்லை. மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வைப்பாள். கை வேலை செய்யும்போது வாய் மட்டும் சும்மா இருக்காது. "வயசான காலத்துல பால் பாட்டிலு கேக்குதா உங்களுக்கு? ஒருத்தன் ஒருத்தனா வாங்கடா!" என்பாள். திட்டு வாங்காமல் டீ குடித்தால் அவர்களுக்கும் இறங்காது.

வில்லு அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. மீசை முளைக்கிற வயசில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன், முதுகு வளைந்து வில்லாகவே ஆகிவிட்டான். வண்டியிலிருந்து இறங்கினால் நிமிர்ந்து நிற்க அவனுக்கு அரை டீ குடிக்கிற நேரம் வேண்டும். ஊசி போட்டார்கள், பெல்ட் கட்டினார்கள், கரண்ட் வைத்தார்கள். எதற்கும் கேட்கவில்லை. இந்த எண்ணெய்க்குத்தான் கேட்டது. முதல் சொட்டு விட்ட ராத்திரி அவன் மல்லாந்து படுத்துத் தூங்கினான் என்று அவன் பெண்டாட்டி சொல்லிச் சொல்லி அழுதாள். சந்தோஷ அழுகை.

அந்தப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் அதுவரைக்கும் பையைத் தடவுவார்கள், சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் புதுசாக ஒரு மிஷின் வந்து உட்கார்ந்தது. துப்பச் சொன்னார்கள். வில்லு துப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். எண்ணெய் ரத்தத்தில் நாள்கணக்கில் தங்குமாம், அதை எந்த டிரைவர் கண்டான்? பாட்டில் என்னவோ அக்காவின் தட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

சேதி வந்ததும் அக்கா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள்.

"பாட்டிலை என்கிட்ட இறக்கி வச்சுட்டுத்தானய்யா வந்தான்! ரத்தத்தையும் இறக்கி வச்சுட்டா வருவான்?"

அந்தப் பக்கத்து அதிகாரி கெட்டவன் இல்லை. அவள் கடை டீயைப் பல தடவை குடித்தவன். அவளை நேராகப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்தான். "எங்க சட்டத்துல உடம்புக்குள்ள இருந்தாலும் கையில இருந்த மாதிரிதான்கா. நான் என்ன பண்றது?"

சரி, நம் ஆட்கள் நமக்கு இல்லாமல் போவார்களா என்று இந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்தவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"உங்க தம்பி நம்ம மண்ணுல ஒரு தப்பும் பண்ணலையேம்மா. இங்க கேஸே இல்ல. கேஸ் இல்லாம நாங்க எதுல தலையிடறது?"

"அப்ப தப்பு பண்ணியிருந்தாத்தான் காப்பாத்துவீங்களா?"

"அப்படி இல்லம்மா. ஒவ்வொரு நாட்டுச் சட்டம் அந்தந்த நாட்டுக்கு. நாங்க அங்க மூக்கை நுழைக்க முடியாது."

அந்தப் பக்கத்துப் பெரிய ஆபீஸில் போய் நின்றால் வேறு பாட்டு. "இது எங்க சட்டம் மட்டும் இல்லம்மா, உலக ஒப்பந்தம். உங்க ஆளுங்கதான் அதை மதிக்காம எண்ணெயைக் கடையில வச்சு விக்கறாங்க. அவங்களைப் போய்க் கேளுங்க." அந்த உலகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த பஸ் அங்கே போகும் என்று அக்கா கேட்டாள். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அவள் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் கேட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் ஒரு மனுஷனாக இருந்தால் அவன் வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எவனும் யோசிப்பதில்லை.

கடைசியில் ஒரு வக்கீல் கிடைத்தார், அந்தப் பக்கத்துக்காரர். பேச்சைச் சுற்றி வளைக்காதவர். அக்காவையும் வில்லுவின் பெண்டாட்டியையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார்.

"முதல் தடவை தெரியாம சாப்பிட்டுட்டேன்னு உங்க தம்பி சொல்லியிருக்கார். அதுலயே நிக்கட்டும். முதல் தடவைன்னா அபராதத்தோட திருப்பி அனுப்பிடுவாங்க. தினமும் எடுக்கறவர்னு ஆச்சுன்னா மூணு வருஷம். லைசென்ஸும் போச்சு, ஆயுசுக்கும் வண்டி எடுக்க முடியாது. அதனால கோர்ட்ல நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கவே கூடாது."

"நான் எதுக்குங்க பேசப்போறேன்," என்றாள் அக்கா.

வில்லுவின் பெண்டாட்டி அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் குழு வந்தது. வெவ்வேறு நாட்டுக்காரர்கள், ஏழெட்டுக் கார்கள். போதைப்பொருளை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்வதா, இல்லை எல்லா நாடும் சேர்ந்து ஒரே முடிவாக எடுப்பதா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதற்கு எல்லையிலேயே வந்து சனங்களிடம் கேட்கிறார்களாம். கஸ்டம்ஸ் குடோனில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். டீ சப்ளை அக்கா கடையிலிருந்து.

டீயை ஊற்றிக்கொண்டே அக்கா அவர்கள் பேச்சுக்குக் காது கொடுத்தாள். இந்தப் பக்கத்து உறுப்பினர், கண்ணாடி போட்டவர், சொன்னார்: "அவங்கவங்க வீட்டு உப்பு அவங்கவங்க நாக்குக்கு. அடுத்த வீட்டுக்காரன் வந்து எனக்கு அளந்து போட முடியுமா?" அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர் ஒரு அம்மாள். சட்ட இலாகாவாம். பூப்போல மெதுவான பேச்சு. "உப்பு சரிங்க. ஆனா தெருவுக்குச் சாக்கடை ஒண்ணுதானே? நீங்க ஊத்தறது எங்க வாசல்லதானே வந்து நிக்குது?" நாற்காலிகளிலிருந்து சிரிப்பு. கண்ணாடிக்காரரும் சிரித்தார். நன்றாகத்தான் பேசினார்கள், இரண்டு பேருமே. தம்பி உள்ளே கிடக்கிறான், இவர்கள் உப்பையும் சாக்கடையையும் வைத்துச் சொற்பொழிவு நடத்துகிறார்கள்.

டீத்தட்டைக் கீழே வைத்தாள். "நான் பேசலாமா?"

குழுத்தலைவர் நரைத்த பெரியவர். எழுந்தே நின்றுவிட்டார். "தாராளமா பேசுங்கம்மா. உங்களைக் கேக்கத்தானே வந்திருக்கோம்?"

"பேசினா நாளைக்கு யாராவது வந்து என் சட்டையைப் பிடிப்பாங்களா?"

"இங்க பேசறது எதுவும் யாருக்கும் எதிரா திரும்பாதும்மா. சட்டமே அதுக்குப் பாதுகாப்பு குடுக்குது. நான் உத்தரவாதம்."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். வக்கீல் கோர்ட்டில்தானே வாயைத் திறக்காதே என்றார்? இது கோர்ட் இல்லையே, குடோன்தானே? அதுவும் நம் பக்கத்துக் குடோன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பெரிய மனுஷர்கள், அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் தம்பி நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடுவான். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உப்பு உங்க வீட்டோட போச்சு. சாக்கடை தெருவோட போச்சு. எங்க ஆளு வீட்டுலயும் இல்ல, தெருவுலயும் இல்ல, வாசப்படியில நிக்கறான். உள்ள வச்ச காலுக்கு மருந்து, வெளிய வச்ச காலுக்கு விலங்கு. நீங்க தனித்தனியா முடிவு பண்ணுங்க, கூடி முடிவு பண்ணுங்க, சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கூட முடிவு பண்ணுங்க. வாசப்படியில நிக்கறவனை என்ன பண்றதுன்னு முதல்ல சொல்லிட்டுப் பண்ணுங்க!"

குடோன் முழுக்கக் கைதட்டல். கண்ணாடிக்காரர் "பிரமாதம், பிரமாதம்" என்றார். ஒரு வெளிநாட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் அர்த்தம் கேட்டுத் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். அக்காவைப் பார்த்து அவள் ஆயுசில் யாரும் கைதட்டினதில்லை. டீயில் ஈ விழுந்திருக்கிறது என்று சொல்லக் கைதட்டிக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. அவள்மேல் என்ன தப்பு? யாருக்குத்தான் கனக்காது?

சட்ட இலாகா அம்மாள் முன்னால் சாய்ந்தாள். அவள் கண்ணில் ஈரம்கூட இருந்தது. "உங்க தம்பி பாட்டிலை உங்க கடையிலயே வச்சுட்டுத்தான் எங்க பக்கம் வந்தார், இல்லையாம்மா? எங்க சட்டத்துக்கு மரியாதை குடுத்திருக்கார்."

"அதைச் சொல்லுங்க!"

"அன்னிக்கு மட்டும்தானா, இல்ல எப்பவுமே அப்படித்தானா?"

அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தம்பியின் நேர்மையை ஒருத்தி வாய்விட்டுக் கேட்கிறாள். குறைத்துச் சொல்லலாமா?

"எப்பவுமேதாம்மா! ஒரு நாள் தவறினது கிடையாது. அது அவனோட பழக்கம். இன்னிக்கு நேத்துப் பழக்கம் இல்லம்மா அது!"

அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். கேட்டதைக் கேட்டபடிதான் எழுதினாள், அதில் ஒரு புள்ளி கூட்டவில்லை. நடந்த பேச்சையெல்லாம் குழு அச்சடித்து எல்லா நாட்டுக்கும் அனுப்பியது. அந்தப் பக்கத்து அரசு வக்கீலும் படித்தார்.

கோர்ட்டில் அவர் அதை நிதானமாக வாசித்தார். "கூடப்பிறந்த அக்காளே சொல்லியிருக்கிறார். 'அது அவனோட பழக்கம். இன்னிக்கு நேத்துப் பழக்கம் இல்ல.' இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?"

வில்லு கூண்டுக்குள் வளைந்து நின்றபடி கழுத்தை மட்டும் திருப்பி அக்காவைப் பார்த்தான். கோபம்கூட இல்லை. புரியாத பார்வை.

"ஐயா, அந்தப் பழக்கம் இல்லைங்கய்யா!" அக்கா எழுந்துவிட்டாள். வக்கீல் கையைக் காட்டி உட்காரச் சொன்னதை அவள் பார்க்கவே இல்லை. "பாட்டிலை என்கிட்ட வச்சுட்டுப் போற பழக்கத்தைச் சொன்னேன். வைக்கற பழக்கம்! குடிக்கற பழக்கம்னு நான் சொல்லவே இல்லையே!"

நீதிபதி அவளை அதட்டவில்லை. பொறுமையாகவே கேட்டார். "சரிம்மா. எப்பவுமே வச்சுட்டுப் போவார்னா, எப்பவுமே கையில வச்சிருந்திருக்கார்னுதானே அர்த்தம்?"

எந்தப் பழக்கமாக இருந்தால் என்ன, கணக்கு ஒன்றாகத்தான் வந்தது. அவள் வாயால் அவளே தம்பிக்கு மூன்று வருஷம் எழுதிக் கொடுத்திருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தானே செத்தது, தம்பியைக் கொல்லவில்லை.

வெளியே வந்ததும் வில்லுவின் பெண்டாட்டி அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது.

"உங்களுக்கு யாரு அண்ணி கைதட்டணும்? நாலு பேரு கைதட்டறதுக்கு எம்புருஷனா கிடைச்சாரு?"

"நான் நல்லதுக்குத்தானடி..."

"நல்லதுக்கு! பேசாம டீ ஊத்திட்டு வந்திருந்தா அதுதான் நல்லது. இனிமே என் வீட்டுப் பக்கம் வராதீங்க."

சாட்டையால் அடித்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். தம்பி பெண்டாட்டி சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா?

குழுத்தலைவரின் நம்பரைத் தேடிப்பிடித்து போன் போட்டாள். "உத்தரவாதம்னு சொன்னீங்களேய்யா!" என்று கத்தினாள். பாவம், அந்த மனுஷன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நான் சொன்னது உங்க நாட்டுச் சட்டத்தை வச்சும்மா. உங்க மண்ணுல உங்க மேலயோ உங்க தம்பி மேலயோ யாரும் கை வைக்க முடியாது. அந்த உத்தரவாதம் கேட்டைத் தாண்டினா செல்லாதும்மா. இது எனக்கு அப்ப தோணவே இல்ல." தோணவில்லையாம். தோணியிருந்தால் மட்டும்?

ஆராய்ச்சி முடிந்து குழு முடிவும் சொல்லிவிட்டது. ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்ய வேண்டும், ஆனால் எல்லா நாடுகளையும் கலந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும், எப்படிக் கலப்பது என்பதற்கு இன்னொரு குழு போட வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத்தில் அக்கா சொன்னதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். 'உள்ளே வைத்த காலுக்கு மருந்து, வெளியே வைத்த காலுக்கு விலங்கு. — எல்லையில் ஒரு டீக்கடைப் பெண்மணி.' கண்ணாடிக்காரர் ஆளனுப்பி ஒரு பிரதி கொடுத்தார். அவள் அதை அடுப்பில் வைத்தாள். பளபளப்புக் காகிதம், சீக்கிரம் பற்றக்கூட இல்லை.

டிரைவர்கள் அவரவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திட்டக்கூட ஆளில்லை. வில்லு உள்ளே போய் ஆறேழு மாதம் வரைக்கும் அக்காவுக்குப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்த அன்று, என்னென்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனாள்.

கம்பி வலைக்குப் பின்னால் வில்லு வந்து நின்றான். அக்காவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. ஆள் நிமிர்ந்து நின்றான்.

"டேய்! நிமிர்ந்து நிக்கறியேடா! வலி இல்லையா?"

"இல்லக்கா." சிரித்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "இங்க டாக்டரு ஒரு மாத்திரை குடுக்கறாரு. வெள்ளையா, குட்டியா. போட்டா கால்மணி நேரத்துல முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோகுது. இந்தப் பக்கம் எல்லாக் கடையிலயும் விக்கற மாத்திரைதானாம்."

"அடேயப்பா! இத்தனை நாளா இது தெரியாமப் போச்சே," என்றாள் அக்கா. அவள் முகம் மலர்ந்தது. வழியெல்லாம் பேசிப் பார்த்ததை மறந்தே போனாள். "பேரு என்னன்னு சொல்லு. நீ வெளிய வந்ததும் நம்ம பக்கத்துலயே வாங்கிக்கலாம்."

வில்லு பேரைச் சொன்னான். அக்காவின் முகம் மாறியது. அவள் கடைக்கு நேர் எதிரே கஸ்டம்ஸ் போர்டு. கொண்டுவரக் கூடாதவை என்று சிவப்பில் எழுதியிருக்கும். தினமும் பார்க்கிற போர்டு. அந்தப் பேர் அதில் மூன்றாவதாக இருந்தது. அபினிலிருந்து எடுக்கிறது. பிடித்தால் நம் பக்கத்திலும் ஜெயில்தான்.

"தெரியும்க்கா," என்றான் வில்லு, அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே. "இங்க உள்ளவங்க சொன்னாங்க."

அப்போதுதான் அவள் அவன் கையைப் பார்த்தாள். வலையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிர்காலத்தில் அவன் நெற்றியில் வேர்வை. பேசும்போதே கண் சுவர்க்கடிகாரத்துக்கு ஓடி ஓடித் திரும்பியது.

"விட்டுடுடா அதை. வேணாம்னு சொல்லு டாக்டர்கிட்ட."

"சொன்னேன்க்கா. ஒரு நாள் போடாம இருந்து பார்த்தேன். சுவத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதேன். நாலு பேரு பிடிச்சுக் கட்டிப்போட்டாங்க." குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட சொல்லிடாத. நீயும் ஒண்ணு பண்ணு. என் தண்டனை முடிஞ்சதும் நான் வரலைன்னா கோவிச்சுக்காத. இந்தப் பக்கமே ஏதாவது கூலி வேலை பாத்துக்கறேன். அங்க வந்தா என்னால இருக்க முடியாதுக்கா."

"என்னடா பேசற? உன் பொண்டாட்டி, உன் வீடு..."

உள்ளே எங்கோ மணி அடித்தது. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது, இது வேறு மணி. மாத்திரை கொடுக்கிற மணி. வில்லு வலையிலிருந்து கையை எடுத்தான். "வரேன்க்கா" என்றுகூடச் சொல்லவில்லை. நிமிர்ந்த முதுகோடு, சின்னப் பிள்ளைபோல ஓடி, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.